படத்தில் இல்லாத முடிவு

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகும் வழியில் எங்கள் தையல் கூடம் இருக்கிறது. கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறோம். சட்டை, பேண்ட், கேன்டீன்காரர்களுக்கு ஏப்ரன், தொப்பி. என்னோடு சேர்த்து ஏழு பெண்கள். எங்களுக்கும் பக்கத்துக் கோடவுனுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அங்கே இருந்த கம்பெனி காலி செய்துகொண்டு போனதிலிருந்து அது பூட்டியே கிடந்தது. ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் அந்தப் பக்கமிருந்து ஆர்மோனியச் சத்தம் வந்தது.

யாரோ போனில் பாட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் நின்றது. ஒரு பெண்குரல் எதையோ திருத்தியது. மறுபடி அதே வரி. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் காலை எடுத்துவிட்டு, இது அந்தப் பரிசல் படத்துப் பாட்டாயிற்றே என்றாள். அதுதான்.

எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும். பாலம் இல்லாத ஓர் ஆற்றில் ஒருத்தி பரிசல் ஓட்டுவாள். அவள் புருஷன் அக்கரையில் இருக்கும் டவுனுக்கு வேலைக்குப் போனவன், வருஷக்கணக்காகத் திரும்ப மாட்டான். ஊரையெல்லாம் அக்கரை சேர்க்கிறவள் தான் மட்டும் இக்கரையிலேயே இருப்பாள். கடைசியில் பாலம் கட்டுவார்கள். பாலத்தில் வரும் முதல் பஸ்ஸில் அவன் வந்து இறங்குவான். படம் அதோடு முடிந்துவிடும். நான் அதைப் படப்பையில் பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், அந்த பஸ் வரும்போது விசில் அடித்தார்.

கோடவுனுக்கு வந்திருந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த நாடகக் குழு. அந்தப் படத்தை மேடையில், பாட்டும் பேச்சும் ஆட்டமுமாகப் போடப்போகிறார்கள். படத்தை எடுத்தவரிடம் முறையாக அனுமதி எழுதி வாங்கியிருந்தார்கள். சென்னையில் ஒத்திகை பார்க்க இடம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று இங்கே வந்திருந்தார்கள். இதையெல்லாம் நாடகத்தின் இயக்குநரே வந்து சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். கதர்ச் சட்டையும் பேண்டும் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் கூடத்தில் அப்படி யாரும் கேட்டு வந்ததில்லை.

சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தாராம். எங்கள் மெஷின் சத்தம்தான் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்றேன். சிரித்தார். பிறகு, நடிகர்களின் உடைகளைத் தைத்துத் தர முடியுமா என்று விசாரித்தார். அளவெடுத்துத் தைத்து நாளாகிவிட்டது, இப்போதெல்லாம் எஸ், எம், எல் என்று வெட்டியே கை பழகிவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். பரவாயில்லை என்று வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டபடியே, "அந்தப் படம் போன்லயே ஓசில கெடைக்குது. தெரிஞ்ச கதையைப் பாக்க யாரு வண்டி கட்டிகினு வரப்போறான்?" என்றார்.

அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்பு, படம் பார்த்த அந்த வருஷக் கடைசியில் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய், மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவர். நான் தையல் கற்றுக்கொண்டது அந்த மூன்று வருஷத்தில்தான்.

அவர் சொன்னதை வார்த்தை மாற்றி இன்னும் பல பேர் இயக்குநரிடம் சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு சபாக்காரர், படத்தை விரும்புகிறவர்கள் படத்தையே பார்ப்பார்கள், படத்தைத் தெரியாதவர்கள் நாடகத்துக்கு ஏன் வரப்போகிறார்கள் என்று கேட்டாராம். இரண்டு பக்கமும் அடைத்த கேள்வி. ஒருநாள் டீ குடிக்கும்போது இதைச் சொன்னார். ஆனால் நிறுத்துகிற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கோரஸில் பாட ஆள் போதவில்லை. உள்ளூரில் யாராவது பாடுவார்களா என்று கேட்டார். எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு கம்பெனி ஹாஸ்டலுக்கு மாறிப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். போன் அசெம்பிளி லைனில் வேலை. மாடியில் துணி காயப்போடும்போது அவள் பாடுவதைக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். அவளை அழைத்துப் போய் நிறுத்தினேன். இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கோடவுனுக்கு வரத் தொடங்கிவிட்டாள்.

உடைகளெல்லாம் முடிந்த பிறகு இயக்குநர் மறுபடி வந்தார். உட்கார்ந்தார். "எனக்கு ஒரு ஆறு தைச்சுத் தரணும்" என்றார்.

படத்தில் பார்த்த இடமெல்லாம் ஆறுதான். மேடையில் அதை எப்படிக் கொண்டுவருவது? திரையில் வீடியோவாகக் காட்டலாம் என்று சிலர் சொன்னார்களாம். அப்படிக் காட்டினால் பார்க்கிறவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள், நடிக்கிறவர்களைப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துணி. கோரஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்து அசைக்க வேண்டும். அதன் நடுவே பரிசல் போக வேண்டும். துணியைக்கூட வாங்கி வந்திருந்தார். நல்ல நீலத்தில் பளபளக்கும் சாட்டின்.

தைத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. கல்யாண மண்டபத்து மேடைக்குப் பின்னால் கட்டுவார்களே, அதுபோல இருந்தது. கனம் வேறு. நான்கு பேர் அசைத்தும் அலை நடுவரை வரவில்லை. பரிசல்காரி இரண்டு தடவை அதில் கால் சிக்கி விழப் பார்த்தாள். இயக்குநர் என்னைக் குறை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நூல் வாங்கத் தாம்பரம் போனேன். மணிமங்கலம் ஏரிக்கரையோரம் பஸ் போனது. ஜன்னலோரம் இருந்தவள் தற்செயலாகத் தண்ணீரைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற தண்ணீர்தான். அன்றைக்குத்தான் அதில் நீலம் எங்கேயும் இல்லை என்பது கண்ணில் பட்டது. கரையோரம் டீத்தூள் நிறம், நடுவில் சாம்பல், வெயில் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை.

எங்களிடம் கோட்டுக்கு உள்ளே வைக்கும் சாம்பல் நிற லைனிங் துணி மூன்று உருளை மிச்சம் இருந்தது. வாயால் ஊதினால் பறக்கிற துணி. நீளவாக்கில் நான்கு பட்டை சேர்த்தேன். முதல் தடவை தைத்தபோது சேர்த்த இடம் கயிறு போலத் தடித்து, துணி அங்கேயே மடிந்தது. அத்தனையையும் பிரித்து, மெல்லிய நூலில், ஓரத்தை நூலிழை அளவுக்கு மடித்து மறுபடி தைத்தேன். அந்த வேலைக்கு ஏழு பேரும் நான்கு நாள் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாடப் பாட இங்கே எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

புது ஆற்றை விரித்தபோது இரண்டே பேர் அசைத்தார்கள். ஒரு பக்கம் எங்கள் திருநெல்வேலிப் பெண். அலை இந்தக் கோடியில் எழுந்து மெதுவாகப் போய் அந்தக் கோடியில் இறங்கியது. இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சென்னையில் அரங்கேற்றும் முன் ஒருமுறை ஆட்களை வைத்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோடவுனிலேயே என்று முடிவானது. எங்கள் ஊர்ச் சனம், என் கூடத்துப் பெண்கள், அவர்கள் வீட்டார், திருநெல்வேலிப் பெண்ணின் ஹாஸ்டல்காரிகள் என்று எப்படியும் நூறு, நூற்றைம்பது பேர் வந்திருப்பார்கள். பத்தரைக்குக் கரண்ட் போனது. வந்தபோது மைக் வேலை செய்யவில்லை. தகரக் கூரைச் சூட்டில் எல்லோரும் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு.

படத்திலிருந்து எடுத்து வைத்திருந்தது அந்த ஒரு பாட்டு மட்டும்தான். மற்ற பாட்டெல்லாம் நாடகத்துக்காகப் புதிதாக எழுதியது. அந்தப் பாட்டு வந்ததும் கூட்டமே சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. பரிசல்காரியாக நடித்தவளின் குரல் கேட்கவே இல்லை. அவள் கொஞ்சம் திணறினாள். பிறகு வாயை மூடிக்கொண்டு துடுப்பு மட்டும் போட்டாள், பாட்டைச் சனங்கள் பாடி முடித்தார்கள். அடுத்த இரண்டு புதுப் பாட்டுக்கும் அமைதி. சில பேர் போனை எடுத்துப் பார்த்தார்கள். இயக்குநர் சுவரோரம் நின்று நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒன்றேகால் மணிக்கு, பாலத்துக்கு முதல் கல் வைக்கிற காட்சியின் நடுவில், ஹாஸ்டல் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பத்து, இருபது, ஐம்பது. குனிந்து குனிந்து வெளியே போனார்கள். பாதி நாற்காலி காலியாகிவிட்டது. இயக்குநரின் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

நான் போய்க் காதோரம், செகண்ட் ஷிஃப்டுக்கு பஸ் வந்துவிட்டது, அதனால்தான் போகிறார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மிச்சம் இருந்தவர்களுக்கு முன்னால் நாடகம் நடந்தது. முடிவை மாற்றியிருந்தார்கள். அது எனக்கும் அதுவரை தெரியாது. கடைசி நாலைந்து காட்சிகளை, நாங்கள் கூடத்தைப் பூட்டிக்கொண்டு போன பிறகுதான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். பாலம் முடிகிறது. கோரஸ்காரர்கள் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்காருகிறார்கள், அதுதான் முதல் பஸ். ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். அவன் இல்லை. பரிசல்காரி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, காலியான பஸ்ஸின் முன்னால் நிற்கிறாள். அப்போது ஒரு சின்னப் பாட்டு வருகிறது. பாலம் வருகிறவனுக்கு மட்டும் போட்டது இல்லை, போகிறவளுக்கும்தான் என்று வரும். பாடிக்கொண்டே ஏறி, முன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். சாம்பல் துணி அவள் பின்னால் மெதுவாகத் தரையில் அடங்குகிறது.

கொஞ்சம் கழித்துத்தான் கைதட்டினார்கள்.

நான் துணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள். பார்க்கவில்லை. எனக்கு ஒரு பச்சைப் பை நினைவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குப் பைக்கில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, "அவன் வந்திருக்கணும்" என்றார்.

நாடகத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"நான் வந்தேனா இல்லியா?"

"நீ வந்த. அவன் வரல."

"நான் வராம இருந்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நானும் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. "திருப்பூருக்குப் போயிருப்பேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் வருஷம் அவரிடமிருந்து நாலைந்து மாதம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. தையல் வகுப்பில் என்னோடு படித்தவள் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, எனக்கும் இடம் பார்த்து வைத்திருந்தாள். மூன்று புடவையையும் கத்தரிக்கோலையும் ஒரு பச்சைப் பையில் எடுத்து வைத்து, கிளம்ப நாளும் பார்த்துவிட்டேன். அந்த வாரம்தான் அவர் வரும் செய்தி வந்தது. பையைப் பிரித்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். தெரு முனையில் நின்றபடி அதைச் சொன்னேன். கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தோழி, எந்தக் கம்பெனி, அங்கே எங்கே தங்குவதாக இருந்தாய். அந்த நாலைந்து மாதம் முதலாளி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பிடித்து வைத்துக்கொண்டதையும், போன் செய்ய வழியில்லாமல் இருந்ததையும் அவர் சொன்னார். அது எனக்குத் தெரியாது. வேலை அதிகம் என்றுதான் அப்போது சொல்லியிருந்தார்.

நாடகத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம், திருநெல்வேலிப் பெண் கண்ணெல்லாம் சிவக்க எங்கள் கூடத்துக்கு வந்தாள்.

"ஹாஸ்டல்ல ஒரே சண்டைக்கா. கடைசில அவ என்ன செஞ்சான்னு சொல்லு, சொல்லுன்னு என்னைய உறங்க விடமாட்டேங்காளுவ."

படம்தான் எல்லோரும் பார்த்ததாயிற்றே என்று கேட்டேன்.

"படத்துல இல்லக்கா. இங்க என்ன ஆச்சுன்னு கேக்காளுவ. நான் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அவளை அப்படியே இயக்குநருக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். ஷிஃப்டுக்குத்தான் போனார்களா, உண்மையாகவே ஷிஃப்டுக்குத்தானா என்று அவர் இரண்டு முறை கேட்டதாக அவள் பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண்களுக்கு முதல் ஷிஃப்ட். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர்களுக்காகப் பின்பாதியை மட்டும் போடுவதென்று முடிவு செய்தார்கள். ஆனால் வந்தவர்கள் சும்மா வரவில்லை, கூடவே புதிதாக நாற்பது பேரைக் கூட்டிவந்திருந்தார்கள். புதியவர்களுக்கு முன்பாதி தெரியாதே என்று இயக்குநர் தயங்கினார். அதற்குள் முந்தின வாரம் பார்த்தவர்கள் அவரவர் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோடவுன் முழுக்க மதுரைப் பேச்சும் தூத்துக்குடிப் பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சுமாக ஒரே கதை ஒரே நேரத்தில் இருபது வாயில் ஓடியது. போன வாரம் யாரும் கவனிக்காத புதுப் பாட்டில் ஒன்றை இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இயக்குநர் என்னைப் பார்த்தார். அவர் இவ்வளவு அழகாகச் சிரிப்பார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சென்னையில் அரங்கேற்றத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அரங்கம் பாதிதான் நிறைந்தது. ஆறு வந்தபோது கைதட்டினார்கள். இணையத்தில் ஒருவர், படத்தின் அழகு மேடையில் இல்லை, முடிவு தேவையில்லாத மாற்றம் என்று எழுதினார். இன்னொருவர் முடிவுதான் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். அதன் பிறகு ஒரு பெண்கள் கல்லூரியில் போட்டார்கள், அங்கே நின்றுகொண்டு பார்த்தார்களாம். ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியிலிருந்து ஃபேமிலி டே விழாவுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு, குடும்பமாக வந்து பார்க்கிற நிகழ்ச்சி என்பதால் புருஷன் திரும்பி வருகிற மாதிரியே முடித்துவிடுங்கள் என்றார்களாம்.

குழுவில் சிலருக்கு மாற்றிப் போடலாம் என்று எண்ணம். ஒரு நாள்தானே, நாலு பேர் பார்க்கட்டுமே என்றார்கள். இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னார். அவர் என்னிடம்தான் சொன்னார். பதில் வந்தது என் வீட்டுக்காரரிடமிருந்து.

"எனுக்கு அந்த முடிவு புடிக்கல மேடம். இப்பவும் புடிக்கல. ஆனா அத மாத்தாதீங்க. மாத்திட்டா அந்தப் பொம்பள எங்க போவா?"

இயக்குநர் அவரைப் பார்த்தார். டீயில் சர்க்கரை போதுமா என்று நான் கேட்டேன். அவர்கள் மாற்றவில்லை. கம்பெனி ஒரு மெல்லிசைக் குழுவை ஏற்பாடு செய்துகொண்டது.

இந்த நாடகம் ஓடுமா, நிற்குமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று போடுகிறார்கள். சில மாதம் ஒன்றும் இல்லை. திருநெல்வேலிப் பெண் இன்னும் லைனில்தான் வேலை செய்கிறாள், நாடகம் இருக்கும் நாளில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறாள். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாராம். இந்த வாரக் கடைசியில் அவளுடைய ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு திருவிழாவில் போடுகிறார்கள். துணி, நாற்காலி, பரிசலோடு ஆட்களையும் ஏற்றிப்போக ஒரு வேன். அதை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

உனக்குத்தான் பிடிக்காதே, பிறகு ஏன் அத்தனை தூரம் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்து ஆம்பளைங்க இன்னா சொல்றாங்கன்னு பாக்கணும். எத்தினி பேரு வெளியூருக்குப் போய்ட்டு வந்தவன் இருப்பான் அங்க" என்றார்.

இன்று அதிகாலை புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். செங்கல்பட்டு தாண்டியதும் போன் செய்தார். வண்டியில் எல்லோரும் பாடிக்கொண்டு வருகிறார்கள், காது வலிக்கிறது என்றார்.